ராகு காலத்தில் தரை தட்டிய படகு

மாசி 1, வெள்ளி

காலையில் பனி. குளத்தங்கரையிலிருந்து கோபுரம் பாதிதான் தெரிந்தது. பனியா, என் கண்ணா என்று ராஜத்தைக் கேட்டேன். "பனிதான்னா, எனக்கும் தெரியல்லே" என்றாள். பொய். ஆனாலும் கேட்கச் சுகமாக இருந்தது.

திங்கள் காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். இடது கண்ணில் புரை. வலது கண் ஆறு வயதில் அம்மை வார்த்ததோடு சரி. ஆக, இருக்கிற ஒன்றில்தான் கத்தி. "பெரும்பாலும் தேறிவிடும்" என்கிறார் டாக்டர். அந்தப் 'பெரும்பாலும்' பிடிக்கவில்லை. புரூஃபில் வந்திருந்தால் அடித்திருப்பேன்.

அச்சாபீஸில் லீவு சொல்லியாயிற்று. இத்தனை வருஷம் புரூஃப் திருத்தினதில் எத்தனை மலை, எத்தனை அருவி! எல்லாம் மையும் காகிதமுமாகப் பார்த்ததுதான். காவேரி பிறக்கும் இடத்தில் ஓர் ஒற்று விட்டுப்போனதைக் கண்டுபிடித்தவன் நான். காவேரியைக் கண்டதில்லை.

மைத்துனன் சீனு கூண்டுப் படகு பேசிவிட்டான். நாளை மயிலாப்பூர்க் கால்வாயில் ஏறி, அடையாற்றைக் கடந்து, கோவளம். ராத்தூக்கம் படகில். ஞாயிறு சாயங்காலத்துக்குள் வீடு. "கோவளத்துல கடலும் கழியும் சேர்ற இடம், கண் குளிரப் பாருங்கோ அத்திம்பேர்" என்றான். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

எடுத்துக்கொள்ள: குமுட்டி அடுப்பு, கரி (சீனு), புளியோதரை, கூஜா, ஜமக்காளம், என் வெள்ளை அங்கவஸ்திரம். பட்டுவுக்குத் தீபாவளிச் சிவப்புப் பாவாடை சட்டை. அதைத்தான் போட்டுக்கொள்வேன் என்று பிடிவாதம். பத்து வயசு, கேட்பாளா? ராஜம் சேர்த்தது: சுண்டைக்காய் வற்றல். எதற்கு? "இருக்கட்டுமே."

ராஜத்தின் கவலை வேறு. திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது ராகு காலம். அதற்குள் கத்தியா? "ஒன்பதேகாலுக்கு மாத்தச் சொல்லுங்கோ." போய்ச் சொன்னேன். டாக்டர் சிரித்தார். ராஜம் சிரிக்கவில்லை.

மாசி 2, சனி

நல்ல வெயில். எட்டரைக்குப் புறப்பாடு என்று ஏற்பாடு. கரி வாங்க மறந்த சீனு ஓடிப்போய் வாங்கி வருவதற்குள் ஒன்பது அடித்துவிட்டது. சனிக்கிழமை. ராகு காலம்!

"இன்னிக்கும் ராகு காலம், நாளன்னிக்கும் ராகு காலமா? நான் ஏற மாட்டேன்" என்று ராஜம் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். படகுக்காரர் ஏழுமலை அவளுக்கு ஒரு படி மேல். "ராவுகாலத்துல நான் கயிறு அவுக்கிறதே இல்ல சாமி. பத்தரைக்கு மேல போய்க்கலாம். ஆறு எங்க ஓடிடப் போவுது?" என்று சுருட்டைப் பற்றவைத்தார்.

ஆறு ஓடித்தான் போயிருந்தது. கால்வாயை விட்டு அடையாற்றில் இறங்கும்போது கடல் வற்றிக்கொண்டிருந்தது. ஆற்றுத் தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. நட்டாற்றில் 'கர்' என்று ஒரு சத்தம். படகு நின்றது. ஏழுமலை கழியை ஊன்றித் தள்ளினார். கழி உள்ளே போயிற்று, படகு அசையவில்லை.

"சேத்துல குந்திகினு கீது சாமி. தண்ணி ஏறினாத்தான். வெளக்கு வெச்சப்புறம் ஆவும்."

"இது உமக்கு முன்னாலேயே தெரியாதா?"

"தெரியும் சாமி. அதுக்காவ ராவுகாலத்துல கெளம்ப முடியுமா?"

கோவளம் போயிற்று. கடல் போயிற்று. கடைசியாகப் பார்ப்பதற்கு எனக்குக் கொடுத்து வைத்தது அடையாற்றுச் சேறு! "உன் ராகுவைக் கூப்பிடு, இறங்கித் தள்ளட்டும்" என்று கத்தினேன். ராஜம் கூண்டுக்குள் திரும்பி உட்கார்ந்து அழுதாள். எனக்குப் பயம், அதை அவள்மேல் கொட்டினேன். அவ்வளவுதான் விஷயம்.

மத்தியானம். புளியோதரை. வற்றலும் சுட்டாள். வேறு வேலை இல்லாததால் குப்புறப் படுத்து, விளிம்பில் தலையை நீட்டி, புரூஃப் படிக்கிற தூரத்தில் சேற்றைப் பார்த்தேன்.

அப்பாடி! சேறு முழுக்க உயிர். நகம் அளவு நண்டுகள், கணக்கே இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கை மட்டும் பெரிசு. அத்தனையும் அந்தக் கையைத் தூக்கித் தூக்கி, வா வா என்று யாரையோ கூப்பிடுகின்றன. ஒரு மீன் தண்ணீரை விட்டு வெளியே வந்து சேற்றில் நடக்கிறது. நடக்கிறது! நடந்துவந்து என்னைப் பார்த்தது. இந்த ஆற்றுப் பாலத்தின்மேல் எத்தனை தடவை குடை பிடித்துக்கொண்டு போயிருப்பேன்! கீழே இவ்வளவு நடக்கிறது என்று தெரியாது. ராஜத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து பார்த்தாள். "இதுகளுக்கெல்லாம் யார் சாதம் போடறா?" என்றாள்.

பட்டு என் அங்கவஸ்திரத்தைத் தலையோடு போர்த்தி, முகத்தையும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்னடி கூத்து?" என்றாள் ராஜம். "அப்பா மாதிரி பாக்கறேன். இப்படித்தானேப்பா தெரியறது உனக்கு?" கிட்டத்தட்ட அப்படித்தான். ஆமாம் என்றேன்.

வெயில் தாழ்ந்த பிறகு. முகத்துவாரம் பக்கம் நீளமாக ஒரு வெள்ளைத் திட்டு.

"மணல்" என்றேன்.

"மணல் இல்லப்பா, பட்சி! கால் தெரியறது!"

"பூநாரை சாமி. மாசியில வரும்" என்றார் ஏழுமலை.

அவ்வளவு நீளத்துக்குப் பறவையா? மணல்தான் என்று அடித்துச் சொன்னேன். ஏழுமலை வாதம் செய்யவில்லை. கழியை ஓங்கித் தண்ணீரில் ஓர் அடி அடித்தார்.

மணல் எழுந்தது. எழுந்து, இரண்டு பக்கமும் விரிந்து, விரிந்த இடமெல்லாம் சிவப்பு. வெள்ளைக்குள் இத்தனை நேரம் அந்தச் சிவப்பை மூடி வைத்துக்கொண்டு நின்றிருக்கின்றன. ஆறு அகலத்துக்குச் சிவப்பு, தலைக்கு மேலே வந்து, சத்தத்தோடு கடந்து போயிற்று. என் கண்ணுக்கு! இந்தக் கண்ணுக்கு! ராஜம் என் கையைப் பிடித்துக்கொண்டு "பெருமாளே, பெருமாளே" என்கிறாள். நானும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒருவரும் உட்காரக்கூட இல்லை.

எட்டரைக்கே கிளம்பியிருந்தால் இதற்குள் கோவளத்தில் கால் நனைத்துக்கொண்டிருப்போம். ராஜம் இதைச் சொல்லிக்காட்டவில்லை. அதற்கே அவளைக் கும்பிட வேண்டும்.

விளக்கு வைத்ததும் படகு தானாக ஆடிற்று. தண்ணீர் வந்துவிட்டது.

மாசி 3, ஞாயிறு

மேகமூட்டம். விடிந்ததும் கால்வாய் வழியே வீடு. வேட்டியில் சேறு, அலசியும் போகவில்லை.

சாயங்காலம் ராஜம் என் மூக்குக் கண்ணாடிக் கூட்டை நல்ல நேரம் பார்த்து எதிர்வீட்டில் கொண்டுபோய் வைத்தாள். பரஸ்தானம். சாமான் முன்னாலேயே புறப்பட்டுவிட்டால் ஆசாமியும் புறப்பட்ட கணக்காம். நாளைக்கு ராகு காலம் என்னைத் தொடாதாம். "இதை நேத்திக்கே செஞ்சிருக்கலாமே?" என்றேன். "நேத்திக்கு வெறும் பிரயாணம்தானே" என்றாள்.

பட்டுவின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தேன். இடது புருவத்தில் ஒரு சின்ன மச்சம். ராஜத்துக்குக் காதோரம் இரண்டு நரை. போதும், மனசில் இருக்கிறது.

மாசி 4, திங்கள்

குளிர். காபி கூடாது என்று உத்தரவு. பயமாக இருக்கிறது. வண்டி வந்துவிட்டது.

மாசி 9, சனி

அப்பா சொல்லச் சொல்லப் பட்டு எழுதுவது. இரண்டு கண்ணுக்கும் கட்டு. தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை. அசையக் கூடாது, தும்மக் கூடாது, சிரிக்கக் கூடாது. அதனால் சீனு மாமா வரக் கூடாது. கஞ்சி. கஞ்சி. பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை. இருட்டில் அந்தச் சிவப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். இன்னும் மங்கவில்லை. அப்பா இதோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். நான் பட்டு. கட்டு அவிழ்க்கிற அன்றைக்கு என்னையும் கூட்டிப்போவதாக அம்மா சத்தியம் செய்திருக்கிறாள்.

மாசி 14, வியாழன்

என் கையால். வரி கோணும், அதற்கென்ன.

காலையில் கட்டு அவிழ்த்தார்கள். வெளிச்சம், கூச்சம், தண்ணீர். டாக்டர் விரலைக் காட்டி எத்தனை என்றார். தெரியவில்லை. மறுபடி காட்டினார். வெறும் பனி. பக்கத்தில் ராஜத்தின் மூச்சு நின்றுபோனது காதில் விழுந்தது. "கண்ணாடி போட்டால்தான் விரல் தெரியும், இப்போ ஏதாவது தெரியறதா பாருங்கோ" என்றார் டாக்டர்.

கட்டிலின் கால்மாட்டில் உயரமாக ஒரு வெளுப்பு. தூண் என்று சொன்னேன்.

தூண் இரண்டு பக்கமும் விரிந்தது. உள்ளே சிவப்பு. அப்பப்பா, என்ன சிவப்பு!

"பட்டு! இது ஆஸ்பத்திரிடி! அப்பா அங்கவஸ்திரத்தைக் கீழே போடாதே!" என்றாள் ராஜம். அது காதில் விழவே இல்லை அவளுக்கு. தீபாவளிப் பாவாடை சுழல, கட்டிலைச் சுற்றிப் பறந்துகொண்டிருந்தாள்.