அண்ணன் அனுப்பிய பலகைகள்

இன்று காலையிலிருந்து வீடு முழுக்க மரத்தூள் வாசம். நம் மகள் கொல்லையில் பலகைத் தளம் போடுகிறாள். ஆள் வைத்துக்கொள் என்றேன். "நானே போட்டுக்கிடுதேம்மா" என்றாள். அப்படியே நீங்கள் பேசியதுபோல இருந்தது. விருதுநகரில் வாங்கிவந்த சாமான்களைச் சாக்கில் பரப்பி வைத்துக்கொண்டு, "அப்பா என்னென்ன வச்சிருந்தாக?" என்று கேட்டாள். ரம்பம், இழைப்புளி, உளி, மூலைமட்டம், ரசமட்டம் என்று சொல்லிக்கொண்டே வந்தவள் சுத்தியலுக்கு வந்ததும் நின்றுவிட்டேன். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இவளை நான் சுமந்துகொண்டிருந்த வருஷம் அது. ஐப்பசி மழையில் கரிசல் மண் குழைந்து, பின்வாசலில் கால் வைத்தால் கணுக்கால் வரை உள்ளே இழுத்தது. கிணற்றடிக்குப் போகும்போது வழுக்கி விழுந்தேன். வயிற்றில் அடியில்லை. ஆனாலும் மறுநாளே பின்வாசலிலிருந்து கிணற்றடி வரை பலகைத் தளம் போடுவதென்று முடிவெடுத்தீர்கள். ஆசாரி வந்து அளந்தார். அவர் போனதும் அதே இடத்தை நீங்கள் மறுபடி அளந்தீர்கள். "மரம் கூடுதலாக் கேக்கான்" என்றீர்கள். அத்தோடு ஆசாரி பேச்சு முடிந்தது.

தீப்பெட்டிக் கம்பெனியில் வருகிற சரக்கைச் சோதித்து வாங்குவது உங்கள் வேலை. அந்தச் சந்தேகக் கண்ணை நீங்கள் ஒருநாளும் கம்பெனியில் விட்டுவிட்டு வந்ததில்லை. சாத்தூர்ச் சந்தையில் பழைய ரசமட்டம் ஒன்று வாங்கிவந்தீர்கள். தரையில் வைத்து, குமிழி நிற்கும் இடத்தைப் பார்த்து, பிறகு அதைத் தலைமாற்றி அதே இடத்தில் வைத்துப் பார்த்தீர்கள். "ஒரே தரையில ரெண்டு பேச்சுப் பேசுது, பொய்மட்டம்" என்று கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கிவந்தீர்கள். மூலைமட்டத்துக்கும் அதே கதிதான். அதைக் கவிழ்த்துப்போட்டுக் கோட்டின் மேல் கோடு இழுத்துப் பார்த்தீர்கள்.

"கலியாணத்துக்கு முன்னால என்னையும் இப்படித்தான் திருப்பித் திருப்பிப் பாத்தீகளா?" என்று கேட்டேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. "விசாரிச்சேன்" என்றீர்கள்.

தாயில்பட்டிப் பக்கம் ஒரு வெடி கம்பெனியில் என் அண்ணன் மேஸ்திரியாக இருந்தார். நாம் மரம் தேடுவதைக் கேள்விப்பட்டு ஒரு மாட்டுவண்டி நிறையப் பலகை அனுப்பிவைத்தார். கம்பெனியில் சரக்கு அடுக்கும் பழைய கிட்டங்கியை இடித்தபோது கிடைத்தவை. விலை கிடையாது. தங்கச்சி வீட்டுக்கு அண்ணன் கொடுத்த சீர் என்று நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

நீங்கள் வண்டியைச் சுற்றிவந்தீர்கள். ஒரு பலகையின் இணைப்பில் வெள்ளையாகப் பூத்திருந்ததை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, விரலை வேட்டியில் துடைக்காமல் போய்க் கழுவிவந்தீர்கள்.

"எதுக்குச் சும்மா கொடுக்காக?"

"எங்கண்ணன் கொடுத்தா சும்மாதான் கொடுப்பாக. உங்க ஆளுக மாதிரியா?"

 நீங்கள் பலகைகளைத் தொடவே இல்லை. அவை கொல்லையில் கிடந்தன. தினமும் நீங்கள் அவற்றைப் பார்ப்பீர்கள், நான் உங்களைப் பார்ப்பேன். என் பிறந்த வீட்டையே நீங்கள் மோந்து பார்ப்பதுபோல இருந்தது எனக்கு. சோறு போடுவேன், பேசமாட்டேன்.

மழை விட்டு வெயிலடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனே வந்தார். "என்ன மாப்ள, இன்னும் பலகையைத் தொடலையா?" என்று கேட்டார்.

"வெள்ளையாப் பூத்திருக்கே மச்சான்."

"ஈரத்துக்கு உப்புப் பூத்திருக்கும். தொடைச்சாப் போயிரும்."

"அப்ப முதல் ஆணியை நீங்களே அடிங்க. உங்க கை ராசியான கை."

சுத்தியலையும் ஆணியையும் நீட்டினீர்கள். நான் புகை கண்ணைக் கரிக்க அடுக்களை வாசலில் நின்றிருந்தேன். அண்ணன் குந்தி உட்கார்ந்து, அந்த வெள்ளை படிந்த இடத்தின் பக்கத்திலேயே ஆணியை நிறுத்தி, சுத்தியலை ஓங்கினார். அடுத்த நொடி அவர் மணிக்கட்டு உங்கள் பிடியில் இருந்தது.

"வேண்டாம் மச்சான்" என்றீர்கள், மெதுவாக.

உளியால் ஒரு சிராயைக் கையழுத்தத்திலேயே சீவி எடுத்தீர்கள். அதை இடுக்கியில் பிடித்துக் கிணற்றடி ஈரத்துக்குக் கொண்டுபோய்த் தீக்குச்சியைக் காட்டினீர்கள். விறகு அப்படி எரிந்து நான் பார்த்ததில்லை. வெயில் காலத்துப் பாம்பு மாதிரி சீறிக்கொண்டு, ஊதா நிறத்தில், ஒரு நொடியில் ஒன்றுமில்லாமல் போனது. அண்ணன் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். என் கை தானாக வயிற்றைப் பொத்தியது.

"வெடிமருந்து மூட்டை அடுக்கின கிட்டங்கியா? ஆணி இறங்கியிருந்தா வெடிச்சிருக்கும்."

"கூரை ஒழுகின பக்கத்துப் பலகை மாப்ள... வேணும்ங்கிறவன் எடுத்துக்கிடட்டும்னு மொதலாளி சொன்னாரு. எனக்கு எங்க தெரியும்?"

நீங்கள் அதற்கு மேல் கேட்கவில்லை. இருவருமாகப் பலகைகளின் மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, சொட்டச் சொட்ட வண்டியில் ஏற்றி, ஊருக்கு வெளியே ஆழக் குழி வெட்டிப் புதைத்துவிட்டு வந்தீர்கள். அண்ணன் சாப்பிடாமலே போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் நான் உங்களைப் பிடித்துக்கொண்டேன். "தெரிஞ்சேதான சுத்தியலைக் கொடுத்தீக? எங்கண்ணனைச் சோதிச்சுப் பாத்தீகளா?"

நீங்கள் கால் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தீர்கள். வெகுநேரம் கழுவினீர்கள். பிறகு என் முகத்தைப் பார்த்தே சொன்னீர்கள்: "கை இறங்கத்தான் செஞ்சது. நான் பிடிக்கலைன்னா அடிச்சிருப்பாக. உங்க அண்ணனுக்குத் தெரியாது. இதை இதோட விடு."

விட்டுவிட்டேன். வேறு மரம் வாங்கி, அந்தத் தளத்தை நீங்களே போட்டு முடித்தீர்கள். குழந்தை பிறந்து, இருக்கன்குடிக் கோயிலில் காது குத்தினோம். இவள் தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். அண்ணன் தயங்கித் தயங்கி ஓரமாக நின்றார். நீங்கள்தான் இவளைத் தூக்கிக்கொண்டு போய், "பிடிங்க மச்சான்" என்று அவர் மடியில் வைத்தீர்கள். வைத்துவிட்டு, குத்தி முடிக்கும்வரை அவர் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதையும் நான் பார்த்தேன்.

இப்போது நீங்களும் இல்லை, அண்ணனும் இல்லை. கேட்பதற்கு யாரும் இல்லாததால்தான் எழுத முடிகிறது. அடுக்களைப் புகை என் கண்ணில் இருந்தது உண்மைதான். ஆனாலும் நான் பார்த்தேன்: நீங்கள் பிடிப்பதற்கு முன்னாலேயே அந்தக் கை தானாக நின்றிருந்தது. ஒன்றும் தெரியாதவர் கை அப்படி நிற்காது. பக்கத்தில் இருந்த உங்களுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. எதையும் இரண்டு தடவை பார்க்காமல் நம்பாத மனுஷன், அன்று மட்டும் ஒரே பேச்சில் முடித்துவிட்டீர்கள்.

அந்தப் பேச்சை நான் ஒருநாளும் நம்பவில்லை. ஆனால் நீங்கள் அதைச் சொன்னதனால்தான், அண்ணன் சாகும்வரை எனக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இருந்தது.