மண்டபம் வரைக்கும் சும்மா ஒரு நடை

சம்பந்திம்மா,

இன்று மத்தியானம் உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, கொள்ளுப் பேரனின் துணிகளை எடுத்து வைக்க என் பழைய மஞ்சள் பையை உதறினேன். அடித் தையலிலிருந்து ஆற்று மணல் உதிர்ந்தது. நாம் கடைசியாக நடந்த அன்றைக்கு ஒட்டிய மணல். அதற்குப் பிறகு அந்தப் பையை நான் ஆணியிலிருந்து எடுக்கவே இல்லை. பெருக்கித் தள்ளலாம் என்று துடைப்பத்தை எடுத்தவள், அதைக் கீழே வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். குனிந்தால் நிமிர முன்போல முடியவில்லை.

நம் இரண்டு ஊருக்கும் நடுவில் பாலாறு. எங்களுடையது வடகரை, உங்களுடையது தென்கரை. கோடையில் மணலில் நடந்தே வந்துவிடலாம். ஆனால் முறை என்று வந்துவிட்டால் கடல் தாண்டிய தூரம். என் மகள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்து பெண் பெற்றாள். எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளை மாமியார் வந்துதான் அழைத்துப் போக வேண்டும். உங்கள் ஊரில் தாய் வீட்டார்தான் கொண்டுவந்து விட வேண்டும். கல்யாணம் பேசும்போது இது யாருக்கும் தோன்றவில்லை. ஐந்தாம் மாதம் நீங்கள் வருவீர்கள் என்று நான் முறுக்கு சுட்டு வைத்துக் காத்திருந்தேன். நாங்கள் வருவோம் என்று நீங்கள் ஆரத்தி கரைத்து வைத்துக் காத்திருந்தீர்கள். முறுக்கு நமுத்துப் போனதுதான் மிச்சம்.

நடுவில் தூது போனது மீன் விற்கும் அம்மாள். ஆற்றைக் கடந்து இரண்டு ஊருக்கும் கூடை தூக்குகிறவள். எங்கள் வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "உங்க சம்பந்தி கேக்கறாங்க, பொண்ணை வூட்டோடவே வெச்சிக்கப் போறீங்களான்னு" என்றாள்.

"மருமவ வேணும்னா வந்து இட்டுக்கினு போவச் சொல்லு. வழி தெரியலன்னா நீயே காட்டு" என்றேன்.

அடுத்த முறை வந்தபோது அவள் கூடையை இறக்கவில்லை. உங்கள் உறவுக்காரர்கள் சிலர் மாப்பிள்ளைக்கு வேறு பெண் பார்க்கலாம் என்று பேசுவதாகச் சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள். என் மகள் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கரையில் போய் நிற்பாள். சாப்பாடு தட்டிலேயே காய்ந்தது. எனக்கும் பயம்தான். ஆனாலும் கால் நகரவில்லை. நானாகக் கொண்டுபோய் விட்டால் என் பெண் அந்த வீட்டில் மலிந்துபோவாள் என்று நினைத்தேன். இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அப்போதுதான் நீங்கள் சொல்லியனுப்பினீர்கள். "நான் ஒண்ணும் அவங்க வூட்டுக்குப் போவல. வெள்ளிக்கெழம காலையில மண்டபம் வரைக்கும் சும்மா நடக்கலாம்னு கீறேன். நடக்கறதுக்கு ஆரும் முறை வெக்கல."

நானும் விடவில்லை. "எனக்கும் நடக்கற வேலை கீது. கொழந்தைக்கு எளவெயில் படணும்" என்றேன்.

வெள்ளிக்கிழமை நானும் மகளும் கிளம்பினோம். செங்கல் சூளை, தனியாக நிற்கும் கோயில் மணி, அதன் எதிரில் மாதா கோயில், பனந்தோப்பு, தோப்பு முடிந்ததும் தண்ணீர் இறைக்கும் வட்டக் கிணறு. அங்கே இறங்கினால் மணல். மணலின் நடுவில் பாதி புதைந்த கல் மண்டபம். எதிர்க்கரையிலிருந்து வெள்ளைப் புடவையில் நீங்கள் வந்துகொண்டிருந்தீர்கள். தோட்டத்தைப் பார்க்கப் போகிறவள் மாதிரி கையில் ஒரு வெறும் கூடை.

மண்டபத்துக்கு வெளியே இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீங்கள். யாரும் முதலில் உள்ளே கால் வைக்கவில்லை.

"இன்னா சம்பந்திம்மா, இவ்ளோ தூரம்?" என்றீர்கள்.

"சும்மாதான். நீங்க?"

"நானும் சும்மாதான்."

வெயில் ஏறியது. குழந்தை சிணுங்க ஆரம்பித்தது. "பச்சைக் கொழந்தைய வெயில்ல வெச்சிக்கினு நிக்கறாங்க பாரு" என்று தூணைப் பார்த்துச் சொன்னீர்கள். நானும் தூணைப் பார்த்துத்தான் பதில் சொன்னேன்: "நெழல் உள்ள கீது. ஆரு வேணாம்னா?" கடைசியில் இரண்டு பேரும் ஒன்றாகக் குனிந்து உள்ளே நுழைந்தோம். நீங்கள் கையை நீட்டினீர்கள். நான் கொடுத்தேன். பேத்தியை முகர்ந்து பார்த்தீர்கள். பிறகு மெதுவாகச் சொன்னீர்கள், "பாதி வழி நீங்க கொண்டாந்து வுட்டீங்க. பாதி வழி நான் வந்து இட்டுக்கினு போறேன். ஊர்ல ஆர் கேட்டா இன்னா."

என் மகள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு உங்கள் பின்னால் போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது, நிம்மதியும் வந்தது.

அதற்குப் பிறகு ஆறு வற்றும் காலமெல்லாம் நமக்கு அந்த நடை இருந்தது. ஐந்தாவது வரை படித்தவள் என்பதால் வழியில் உள்ள பலகைகளை நான்தான் உங்களுக்கு வாசிப்பேன். வட்டக் கிணற்றில் புதிதாகப் பலகை வைத்தபோது, "இன்னா போட்டுக்கீது, வாத்தியாரம்மா?" என்று கேட்டீர்கள். இங்கே குளிக்கக் கூடாது என்று போட்டிருக்கிறது என்றேன். "மொதல்ல தண்ணிய வுடச் சொல்லு, அப்புறம் குளிக்கலாமா வாணாமான்னு பாக்கலாம்" என்றீர்கள். சிரித்து எனக்குப் புரையேறியது.

மார்கழியில் உங்களைத் தூக்கிக்கொண்டு போனதும் அந்தக் கரை வழியாகத்தான். பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. தெருமுனையோடு நிறுத்திவிட்டார்கள். நான் பாதி வழிகூட வராமல் நீங்கள் போன நடை அது ஒன்றுதான்.

இப்போது கேளுங்கள். அன்றைக்கு மண்டபத்தில் சிணுங்கிய பேத்தி இந்த வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்து ஆண் பிள்ளை பெற்றிருக்கிறாள். குன்றத்தூரிலிருந்து மாமியார் வரவில்லை. அவர்கள் பக்கம் கொண்டுவந்து விடுவதுதான் முறையாம், உங்கள் ஊர் மாதிரியே. என் மகள் உங்களிடம் இருபது வருடம் சோறு தின்றும், "வந்து இட்டுக்கினு போவட்டும்" என்று என் ஊர் முறையைப் பேசிக்கொண்டிருக்கிறாள். என் பெண்ணாயிற்றே, மாறுவாளா? எனக்குப் பெருமைதான். ஆனால் பேத்தியின் சாப்பாடும் தட்டில் காய ஆரம்பித்துவிட்டது. அதைப் பார்க்க எனக்கு இன்னொரு தடவை தெம்பில்லை.

அவள் புருஷனுக்கு மறைமலை நகரில் கம்பெனி வேலை. நைட் ஷிப்ட் முடிந்து நேற்று பிள்ளையைப் பார்க்க வந்தான். "உங்க அம்மாகிட்ட சொல்லு. நாளன்னிக்குக் காலையில ஒரகடம் கூட்டு ரோட்டுல சும்மா நிக்கப் போறேன்" என்றேன்.

"சும்மாவா ஆயா? எதுக்கு?"

"சும்மா நிக்கறதுக்கு எதுக்குன்னு ஒண்ணு வேணுமா? போய்ச் சொல்லு, அது போதும்."

அவன் என் மகளைப் பார்த்தான். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "போவட்டும். நானா அனுப்பறேன்? அவங்க நிக்கப் போறாங்க" என்றாள். அவ்வளவு இறங்கி வந்தது போதும் எனக்கு.

குன்றத்தூர்க்காரி வருவாளா, தெரியாது. உங்களைப் போல ஒரு வெறும் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப எல்லோருக்கும் தோன்றுமா? நாளைக் காலையில் பேத்தி பையை எடுத்துக்கொள்வாள், பிள்ளையை நான்தான் தூக்குவேன் என்று சொல்லிவிட்டேன். மணலில் இறங்கி, மண்டபத்து நிழலில் கொஞ்சம் உட்கார்ந்து, வட்டக் கிணறு, பனந்தோப்பு, சூளை என்று நடந்து, எங்கள் ஊர் எல்லையில் பஸ் ஏற வேண்டும். பிள்ளை நல்ல கனம். என் இடுப்பு தாங்குமா என்று பேத்தி கேட்கிறாள்.

பாதி வழிதானே, சம்பந்திம்மா.