படகுச் சுவருக்குள் உன் பெயர்

உ

பலெர்மோ
22.05.1997

கண்ணுக்குள் வைத்து வளர்த்த மகள் நிரோசினிக்கு,

இங்கே அப்பாவும் நானும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். அந்த நோர்வேக் குளிரில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று நல்லூரானையும் மலையிலிருக்கும் சாந்தா ரொசாலியா அம்மாவையும் சேர்த்தே கும்பிட்டு வருகிறேன். உறையில் ஜெர்மனி முத்திரையைப் பார்த்துத் திகைக்காதே, நான் ஒரு இடமும் போகவில்லை. எமிலியானுஸ் என்று இங்கே ஒரு தச்சுவேலைக்காரர், அவர் மனைவி ஸ்ரெல்லா பிள்ளைகளோடு அங்கே தமக்கையிடம் போகிறாள், அவளிடம் கொடுத்துவிட்டு அங்கே போய்ப் பெட்டியில் போடச் சொல்லியிருக்கிறேன். இதற்கு முன்னுக்கோ பின்னுக்கோ என் கையெழுத்தில் இன்னொரு கடிதம் இத்தாலி முத்திரையோடு உனக்கு வரும். ஜூலையில் திருவிழாவுக்கு வா மகள், முதலாளி சின்யோரே ரிக்கற் அனுப்புவார், அப்பா ஆசையாக இருக்கிறார் என்று அதில் இருக்கும். அதை நான் முதலாளியம்மா சின்யோராவின் சாப்பாட்டு மேசையில் இருந்து, அவ என் தோள்மாட்டில் நிற்க நிற்க எழுதினேன். இது என் சொந்த மேசையில் எழுதுவது. வராதே. ஏன் என்று சொல்கிறேன், அவசரப்படாமல் இருந்து வாசி.

இங்கே வெயில் தொடங்கிவிட்டது, ஆபிரிக்காப் பக்கத்துக் காற்று மண்ணை அள்ளிக்கொண்டு வந்து காயப்போட்ட உடுப்பெல்லாம் மஞ்சள். அப்பாவுக்கு முழங்கால் நோ அப்படியே இருக்கிறது, ஆனால் பல்லாரோச் சந்தைக்குப் போய் விலை பேசிக் கதை அளக்கிறதற்கு மட்டும் அந்தக் கால் நோகாது. மேல்வீட்டு மொரீசியஸ்காரி மரியேல் உன்னை எப்போதும் கேட்பாள், அவளுக்கு வாலெந்தேன் என்று ஒரு பெடியன் பிறந்திருக்கிறான், இரவு பகல் தெரியாமல் கத்துகிறான். மற்றப்படி இந்த அல்பெர்கேரியா ஒழுங்கையில் புதினம் ஒன்றும் இல்லை. எல்லாப் புதினமும் அந்தப் படகில்தான் வந்து குவிந்திருக்கிறது.

துறையில் கட்டியிருக்கும் சின்யோரேயின் படகு நோர்வேயில் நீ வேலை செய்கிற பட்டறையில் செய்தது என்று தெரிந்த நாளிலிருந்து, அதைத் துடைக்கிற வேலையை நான் ஒருவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை, அது உனக்குத் தெரியும். நான் கேட்டு எழுத, நீ பக்கம் பக்கமாகப் பதில் போட்டாயே. உன் முதலாளியின் பாட்டன் காலத்தில் புயல் கடலில் கப்பல்களுக்கு வழி காட்டப் போகிற படகுகள்தான் கட்டினார்களாம், அந்த முன்வளைவைத்தான் இன்றைக்கும் பணக்காரரின் உல்லாசப் படகுக்கும் வைக்கிறார்களாம். ஒரே மரத்தில் சீவின பலகையைச் சுவரில் தொடங்கி அலுமாரிக் கதவு, லாச்சி, கட்டில் தலைமாடு வரைக்கும் மரத்தின் வரி அறாமல் ஓடவிடுவார்களாம். பிறகு எப்போதாவது உடைந்தால் திருத்த என்று அந்த மரத்தில் மிச்சத் துண்டையும் படகின் இலக்கம் எழுதிப் பட்டறையில் வைத்திருப்பீர்களாம். வாசித்தபோது விளங்காதது துடைக்கிறபோது எனக்கு விளங்கியது. ஒரு ஆணித் தலை வெளியே தெரியாது, கதவு சாத்தினால் சத்தம் வராது, மூலைகளையெல்லாம் உருட்டி விட்டிருக்கிறீர்கள், துணி சிக்காது ஊத்தை தங்காது. துடைக்கிறவளின் கையையும் யோசித்துச் செய்திருக்கிறீர்கள். சின்யோராவின் மொண்டெல்லோ வீடு அத்தனை பெரிது, அதில் அப்படி ஒரு மூலை கிடையாது.

ஈஸ்டர் முடிந்த கையோடு பிரான்காச்சோவில் இருந்து ஒரு தச்சுப் பட்டறைக்காரர் ஆட்களோடு வந்து படகின் முன்னறையில் கட்டில் தலைமாட்டுப் பலகையைக் கழற்றினார். அந்த ஆட்களில் ஒருவர்தான் எமிலியானுஸ், எங்கள் மன்னார் ஆள், அமைதியான மனிசன், நீரிழிவுக்காரர், கோப்பிக்குச் சீனி போடாமல் முகத்தைச் சுழித்துக்கொண்டு குடிப்பார். சுவருக்குப் பின்னால் ஒரு பெரிய பெட்டி வைக்கிற அளவு இடம் வேண்டுமாம், வெளியே பார்த்தால் தெரியக் கூடாதாம். என்னத்துக்கு என்று நான் கேட்கவில்லை, இந்த ஊரில் இத்தனை வருடம் இருந்து பழகினதே கேட்காமல் இருக்கத்தான். மரத்தூள் கூட்டப் போன இடத்தில் கழற்றி வைத்த பலகையின் பின்பக்கத்தைப் பார்த்தேன். பென்சிலால் ஒரு பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே நிரோசினி. மூடுமுன் செய்தவர் பெயரை உள்ளே எழுதுவது பட்டறை வழக்கம், ஏதும் பிழைத்துப் படகு திரும்பி வந்தால் யாரைக் கேட்பது என்று தெரிய வேண்டுமே என்று நீ எழுதியிருந்தாய். பெயருக்கு மேலே சுழி போட்டது உன் வழக்கம், எங்கள் வழக்கம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது மகள், கையால் தடவிப் பார்த்தேன். மேல்தட்டைக் கழுவிக்கொண்டு நின்ற அப்பாவையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

எமிலியானுஸ் பதறிப்போய், அக்கா, நீங்கள் இதைக் காணேல்லை, நானும் காணேல்லை, கெதியா வெளியிலை போங்கோ என்றார். ஆனால் உன் அப்பாவின் வாயை யார் பிடிக்கிறது. தண்ணீர்க் குழாயை அப்படியே போட்டுவிட்டுக் கரையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த சின்யோரேயிடம் ஓடினார். தனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலியனில், இந்தச் சுவர் என் மகள் செய்தது, உள்ளே என் மகளின் பெயர் இருக்கிறது, எங்கள் கடவுள் இருக்கிறார் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். பேர்சுக்குள் வைத்திருந்த உன் படத்தையும் எடுத்து நீட்டினார், நீ வேலை உடுப்போடு பட்டறை வாசலில் நிற்கிற படம், மேலே பெயர்ப்பலகையும் தெரிகிறதே, அது. சின்யோரே சிரித்தார். சிரித்துக்கொண்டே, சுவருக்கு உள்ளே பார்த்தீர்களா என்று கேட்டார். உன் அப்பா பெருமையாக, நன்றாகப் பார்த்தேன், மனைவியும் பார்த்தாள் என்றார். படத்தை அவர் திருப்பித் தரவில்லை, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், அப்பாவும் அதை ஒரு மரியாதை என்று நினைத்துக்கொண்டு வந்தார்.

அவர்கள் ஒரு கதவு வெட்டித் திரும்ப மூடினார்கள். உங்கள் ஆட்கள் ஒட்டின இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், இவர்கள் வெட்டின இடம் வாசலில் நின்றாலே தெரிந்தது. ஓடி வந்த வரி நடுவில் அறுந்து நிற்கிறது, நிறமும் சேரவில்லை, கடற்காவல்காரர் ஒரு தரம் ஏறிப் பார்த்தால் போதும். சின்யோரே சத்தம் போடவில்லை, அந்த மனிசன் சத்தம் போட்டு நான் கண்டதே இல்லை. அதற்கு அடுத்த கிழமை எமிலியானுஸைக் காணவில்லை. பட்டறைக்காரரைக் கேட்டால், நல்ல வேலை கிடைத்து ஜெர்மனிக்குப் போய்விட்டார் என்கிறார். ஸ்ரெல்லா தமக்கைக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டாள், அங்கே வரவில்லை. பல்லாரோவில் என்னைக் கண்டு கையைப் பிடித்துக்கொண்டு, அக்கா, அவர் போடுற ஊசிமருந்து பிரிஜ்ஜுக்குள்ளை அப்பிடியே கிடக்கு, அது இல்லாமல் அவர் சந்திக் கடைக்கும் போகமாட்டார் என்றாள். பொலிசுக்குப் போவோமா என்று கேட்டேன், பிள்ளைகளைப் பார்த்தாள். பட்டறைக்காரரே அவளுக்கும் பிள்ளைகளுக்கும் ரயில் ரிக்கற் கொண்டுவந்து கொடுத்து, நீயும் போய்ச் சேர் என்றாராம். நாளைக்குக் காலமை வெளிக்கிடுகிறாள்.

இப்போது உன்னைக் கூப்பிடுகிறார்கள். இவ்வளவு காலமும் என் பெயரைச் சரியாகச் சொல்லாத சின்யோரா என்னைக் கதிரையில் இருத்திப் பீச் பழம் வெட்டித் தருகிறா, மகளுக்கு எந்த அறை பிடிக்கும், சாப்பாட்டில் என்ன ஆகாது என்று விசாரிக்கிறா. நீ வந்து இரண்டு மூன்று கிழமை பிரான்காச்சோவில் ஒரு பூட்டின கொட்டிலுக்குள் அந்தச் சுவரைத் திரும்பச் செய்து கொடுக்க வேண்டுமாம், வரி அறாமல், ஒருவருக்கும் தெரியாமல். உங்கள் பட்டறையில் இருக்கும் அந்த மிச்ச மரத்திலும் ஒரு துண்டு கொண்டுவர வேண்டுமாம், அதைப் பட்டறைக்குச் சொல்லத் தேவையில்லையாம். மிச்ச மரம் இருக்கிற கதையை அவர்களுக்கு யார் சொன்னது என்று நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. நீ செய்து முடித்தால் அந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறதை அறிந்த வெளியாள் கை உன் கை ஒன்றுதான். எமிலியானுஸின் கை எங்கே என்று யாருக்கும் தெரியாது. இதை எழுதாமல் விட்டால் நீ உன் அப்பாவைப் போல எல்லாரையும் நல்லவர் என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறிவிடுவாய்.

எங்கள் இரண்டு பேரின் பெர்மெஸ்ஸோ, அதுதான் இங்கே இருக்கிறதற்கான அனுமதிக் காகிதமும், பாஸ்போர்ட்டும் சின்யோராவின் மேசை லாச்சிக்குள் இருக்கின்றன. குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் புதுப்பித்துத் தருகிறேன் என்று வாங்கினா, எப்போது தருவா என்று கேட்டால், மகள் வரட்டும், எல்லாம் சேர்த்துச் செய்வோம் என்கிறா. அதனால் நாங்கள் உன்னிடம் ஓடி வரவும் வழி இல்லை. அப்பாவுக்கு ஸ்ரெல்லா சொன்ன கதை தெரியாது, நான் சொல்லவில்லை. சொன்னால் நேரே சின்யோரேயிடம் போய், எமிலியானுஸ் எங்கை என்று கேட்பார், அப்படிப்பட்ட ஆள் அவர். உனக்கென்று பக்கத்து அறைக்கு வெள்ளை அடித்துவிட்டு, ஜன்னலுக்குப் புதுத் திரைத் துணி வாங்க வியா மக்வேதாக் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறார். அவர் திரும்பி வருமுன் இதை முடிக்க வேண்டும். அந்த அறையைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு அழுகை வருகிறது, உன்னைப் பார்த்து எத்தனை வருடம், நீ வந்து அந்தக் கட்டிலில் படுத்தால் நான் வேறு என்ன கேட்கப் போகிறேன்.

நான் சொல்வதைச் செய். மற்றக் கடிதத்துக்கு மட்டும் பதில் போடு, பட்டறையில் லீவு தரவில்லை, ஆறுதலாக வாறன் அம்மா என்று சந்தோசமாக எழுது, அதை எங்களுக்கு முன் வேறு ஆட்கள் வாசிப்பார்கள். இந்தக் கடிதம் வந்ததென்று ஒரு சொல்லும் எழுதாதே. சின்யோரா வீட்டுக்கு ரெலிபோன் எடுக்காதே. உன் படமும் பட்டறைப் பெயரும் அவர்கள் கையில் இருக்கின்றன, ஆகவே இதை உன் முதலாளிக்கு வாசித்து விளங்கப்படுத்து, அந்த மரத் துண்டைப் பூட்டி வைக்கச் சொல்லு, இத்தாலியன் கதைக்கிற யாரும் உன்னைத் தேடி வந்தால் தனியே போய்ச் சந்திக்காதே. நீ வராவிட்டால் எங்களை என்ன செய்வார்கள் என்று கேட்பாய். எனக்குத் தெரியாது. அதை யோசிக்கிறது என் வேலை, உன்னுடையது இல்லை.

மரம் தேய்க்கிறபோது மூக்கை மூடிக் கட்டு, நேரத்துக்குச் சாப்பிடு, வெள்ளிக்கிழமையில் தலைக்கு எண்ணெய் வை. எல்லா முருகனும் மாதாவும் உன் பக்கத்தில் நிற்கட்டும், உன் கை செய்கிறதெல்லாம் நல்ல கடலில் போகட்டும். கடைசியாக ஒன்று மகள், இதைத்தான் மறக்கக் கூடாது. இனிமேல் என் கையெழுத்தில் வா என்று எத்தனை கடிதம் வந்தாலும் வராதே. அப்பா படுத்த படுக்கை என்று நான் எழுதினாலும் வராதே. அம்மா செத்துப்போனா, முகம் பார்க்க வா என்று யாரும் தந்தி அடித்தாலும் வராதே. அது உண்மை என்று உனக்குத் தெரிந்தாலும் வராதே, அங்கேயே தலை முழுகிவிட்டு அடுத்த நாள் வேலைக்குப் போ.

உன்னைக் காண ஆசைப்படும்
அம்மா
அம்பிகை கோபாலசிங்கம்