கிரகணமில்லாத நாளில் நின்ற உலக்கை

22-10-1995, ஞாயிறு

நாளை தீபாவளி. இவர் கடையை விட்டு வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் சூரிய கிரகணம். எனக்கு ஐந்து மாதம் என்பதால் அத்தை இப்போதே சட்டம் போட்டுவிட்டார். அன்று அறையை விட்டு வரக் கூடாது, காய் நறுக்கக் கூடாது, உடம்பில் அரித்தாலும் சொறியக் கூடாது. சொறிந்தால் பிள்ளைக்கு அந்த இடத்தில் மச்சம் வருமாம். நான் படித்த இயற்பியலில் இந்தப் பாடம் எப்படி விட்டுப்போனது?

திருச்சுழிப் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அடுத்த ஜூனில் அறிவியல் டீச்சராகச் சேரலாம். நவம்பர் பதினைந்துக்குள் பதில் போட வேண்டும். நேற்று ராத்திரி இவரிடம் காட்டினேன். “அம்மாட்ட கேளு” என்றார். வேறென்ன சொல்வார்.

24-10-1995

ஏழரை மணிக்கு என்னை உள்ளே தள்ளி, ஜன்னலில் சாக்கை அடைத்தார்கள். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். கிரகணம் பிடித்திருக்கும்போது மட்டும் உலக்கை தானாக நிற்குமாம்; அத்தை தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினார். விழுந்தது. மறுபடியும் விழுந்தது. மூன்றாவது தடவை விழுந்து தாம்பாளம் நெளிந்தது. நாலாவது தடவை நின்றது. தெருவே கூடிக் கும்பிட்டது. முதல் மூன்றை யாரும் பார்க்கவில்லை போலிருக்கிறது.

“அடிப்பாகம் தட்டையா இருக்கு அத்தை. என்னைக்கு நிறுத்தினாலும் நிக்கும்” என்று உள்ளேயிருந்து கத்தினேன்.

“எங்க, நிறுத்திக் காட்டு பாப்போம்!”

26-10-1995, வியாழன்

காட்டினேன். கிரகணமும் இல்லை, தண்ணீரும் இல்லை. வெறும் தரை. இரண்டாவது தடவையே உலக்கை நின்றது.

அத்தை உலக்கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நேரே பூஜை அறைக்குப் போனார். தோற்றுப்போன வருத்தம் என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்தேன். விபூதித் தட்டோடு வந்து என் வயிற்றில் பூசினார்.

“உள்ள இருக்கது லேசுப்பட்ட பிள்ளை இல்ல தாயி.”

27-10-1995

பி.எஸ்ஸி. இயற்பியல். முதல் வகுப்பு.

30-10-1995

அத்தை ஊரெல்லாம் சொல்லிவிட்டார். பந்தல்குடியிலிருந்து பஸ் ஏறி வந்து என் வயிற்றைக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். ஒரு அம்மாள் எலுமிச்சம்பழத்தைத் தொட்டுத் தரச் சொன்னார். பக்கத்துத் தெரு சுப்புலட்சுமி அக்கா தறி நெய்கிறவர், விவரமானவர். அவர் கையிலேயே உலக்கையைக் கொடுத்தேன். நாலைந்து தடவை முயன்று நிறுத்திவிட்டார்.

“பாத்தீகளா அக்கா? நீங்களே நிறுத்திட்டீக!”

“நீ பக்கத்துல நிக்கேல்ல தங்கச்செல்வி” என்றார்.

12-11-1995

வேலையைப் பற்றி அத்தையிடம் கேட்டேன். “இந்த வீட்டு மருமக வேலைக்குப் போயித்தான் அடுப்பெரியணுமா?” அவ்வளவுதான். இவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். நேற்றைய தாள் அது.

எதுக்குப் படிச்சேன்? எலுமிச்சம்பழம் தொட்டுக் குடுக்கவா? — ஆத்தா, மகமாயின்னு ஊரே கும்பிடுது, ஒரு வேலைக்குப் போக விட மாட்டேங்குறாக!

ஊரே கும்பிடுகிறது. ஆமாம், கும்பிடுகிறதுதானே?

13-11-1995

காபி கொடுக்கும்போது சொன்னேன்: “கனவுல பிள்ளை பேசுச்சு அத்தை. திருச்சுழிக்குக் கூட்டிட்டுப் போன்னு சொல்லுச்சு.” சொல்லும்போதே கூசியது.

அத்தை கண் கலங்கிவிட்டார். “அங்கன கோயில் இருக்குல்ல, சாமிதான் கூப்புடுது” என்று மிச்சத்தை அவரே சேர்த்துக்கொண்டார். என் பதிலைக் கையோடு வாங்கிப் போய் அவரே தபால்பெட்டியில் போட்டார்.

10-6-1996, திங்கள்

முதல் நாள். பிள்ளையை அத்தை வைத்திருக்கிறார். ஒன்பதாம் வகுப்பு. கரும்பலகையில் ‘ஈர்ப்பு மையம்’ என்று எழுதினேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். பெயர் தேவிபிரியா. சுப்புலட்சுமி அக்காவின் தங்கை மகளாம்.

“டீச்சர், உங்க பாப்பா வயித்துல இருக்கப்ப அது சக்தியாலதான் உலக்கை நின்னுச்சாமே, நிசமா?”

நாற்பது முகங்கள். உலக்கையைப் பற்றி உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல வகுப்பு கிடைக்குமா? ஆனால் இங்கே சொன்னால் இவள் பெரியம்மா காதுக்குப் போகும், அங்கிருந்து அத்தைக்குப் போகும். உலக்கை பொய் என்றால் கனவும் பொய். நாளைக்கு யார் என்னை பஸ் ஏற விடுவார்கள்?

“நிசந்தான்” என்றேன்.

பிறகு ஈர்ப்பு மையம் நடத்தினேன். ஒருவருக்கும் புரியவில்லை. எப்படிப் புரியும்?