வார்டில் என் மகளுக்குப் பெயர் இல்லை

14-7-1968, ஞாயிறு

நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கும் மகள் ஸ்டெல்லா, லீவில் வந்ததிலிருந்து இனி ஹாஸ்டலுக்குத் திரும்ப மாட்டேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். வேலை கடினமா என்று இன்று மத்தியானம் கேட்டேன்.

"வேலை இல்லைப்பா. பெட்பேன் கழுவுறதுகூடப் பழகிடுச்சு. போன வாரம் ஒரு பேஷண்ட் என்னை 'சிஸ்டர்'னு கூப்பிட்டார். வார்டு சிஸ்டர் எல்லார் முன்னாலயும், 'அது சிஸ்டர் இல்ல, ஸ்டூடண்ட். அதுக்கு ஒண்ணும் தெரியாது'ன்னாங்க. அப்புறம் அவர் என் கையால மாத்திரைகூட வாங்கலை."

எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. என் பள்ளித் தலைமையாசிரியர், நான் பாடம் நடத்தும் பிள்ளைகள் முன்னால் என்னை முட்டாள் என்றது பதினோரு வருஷமாக ஆறவில்லை. நாளை முதல் வண்டியில் நானே வந்து நர்சுகளுக்கெல்லாம் தலைவியான மேட்ரனைக் கேட்கிறேன் என்று இரும்புலியூர் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

"நீங்க வந்தா சண்டைதான் போடுவீங்க. வாத்தியார் கோபமெல்லாம் அங்க செல்லாதுப்பா. நானே போய்க் கேட்டுக்கிறேன்" என்று எழுந்துபோய் யூனிபாரத்துக்குக் கஞ்சி போட்டாள்.

அந்தத் தலைமையாசிரியரிடம் நான் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. திட்டியதெல்லாம் இந்த நோட்டில்தான். இவள் நேரில் கேட்கப் போகிறாள். மேட்ரன் என்ன பதில் சொன்னாலும் சரி, நாளை இந்நேரம் என் மகள் கேட்டிருப்பாள்.