சுடுதண்ணித் தழும்பு

அக்கா,

இன்று கம்பெனியில் வருடாந்திர மெடிக்கல். ஸ்டெதாஸ்கோப்பை வைத்த புது டாக்டரம்மா, நெஞ்சின் நடுவே இறங்கும் தழும்பைப் பார்த்து, "என்னம்மா இது?" என்றார். நீங்கள் சொல்லிக்கொடுத்த பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

நாம் முதலில் பார்த்துக்கொண்டது சென்னை ஆஸ்பத்திரியில், இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ அறை வாசலில். நீங்கள் பொன்னேரி, நான் கும்மிடிப்பூண்டி. இரண்டாகப் பிரிந்திருக்க வேண்டிய பெரிய ரத்தக்குழாய் ஒன்றாகவே நின்றுவிட்ட இதயம் இருவருக்கும். சிறு வயதில் வைத்துத் தைத்த செயற்கைக் குழாய் நம்மோடு வளராது, மாற்ற வேண்டும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டில் "ஓட்டைய அடைச்சாச்சு" என்று அதை மறந்தே போயிருந்தார்கள். இன்னும் எத்தனை வருடம் என்று கேட்டதற்கு, "உங்கள மாதிரி வளர்ந்து வந்தவங்களே கொஞ்சம் பேர்தாம்மா, நீங்கதான் எங்களுக்குக் காட்டணும்" என்றார் டாக்டர். திரும்பும் ரயிலில் அழுதேன்.

"இன்னாத்துக்கு அழுவுற? உன்னவிட நாலு வயசு பெரியவ, நானே குத்துக்கல்லாட்டம் குந்திக்கினு கீறேன். நான் கீற வரிக்கும் உனுக்கு இன்னா பயம்?" என்றீர்கள். அதன்பின் உங்கள் பிறந்தநாள் ஒவ்வொன்றும் எனக்குத்தான் நிம்மதி. சுயநலம், வேறென்ன.

எனக்கு வேலை வந்தபோது, "ஆபரேசன்னு வாயத் தொறந்தா கேட்டுக்கு வெளியதான் நிப்ப. சின்ன வயசுல சுடுதண்ணி கொட்டிக்கினேன்னு சொல்லு" என்றீர்கள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாற்போல் கொட்டிய சுடுதண்ணி! அதையும் நம்பினார்கள். நாம் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

நீங்களும் உங்கள் கம்பெனியில் சொல்லியிருந்த அதே பொய்யைக் காப்பாற்றத்தான் லீவு கேட்கப் பயந்து செக்கப்பைத் தள்ளிப்போட்டீர்கள். உங்கள் கம்பெனி பேக்கிங்கில் நீங்கள் மயங்கி விழுந்தபோது, "நாஷ்டா துன்னாம வந்துக்கீது" என்று சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தார்களாம். சுற்றி நின்ற ஒருவருக்கும் விஷயம் தெரியாது. அரைமணி நேரம் கழித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கியபோது நீங்கள் இல்லை.

போன வாரம் எக்கோவில், என் குழாய் சுருங்கிவிட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்றார்கள்.

அதனால் இன்று டாக்டரம்மாவிடம், "ஹார்ட் ஆபரேஷன் மேடம்," என்றேன். டாக்டரம்மாவின் பேனா நின்றது. "இத்தன வருஷமா ஏன் சொல்லல?" என்றார். வேலை இருக்குமா, போகுமா என்பது திங்கட்கிழமை தெரியும். வெளியே வந்ததும் பக்கத்து மிஷினில் இருக்கும் பெண்ணிடம், "நான் வியுந்தா தண்ணி குட்த்துக்கினு நிக்காத, நேரா ஆஸ்பத்திரிக்குத் தூக்கு," என்று சொல்லிவைத்தேன்.

அடுத்த மாதம் உங்களைவிடப் பெரியவளாகிவிடுவேன். அப்போதும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் எனக்கு முன்னால் இனி யாரும் இல்லை. பயமாக இருக்கிறது, அக்கா.