கடற்பஞ்சுக்குப் பல் உண்டா?

அன்புள்ள அப்பாவுக்கு,

இன்று எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சியில் நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதப் போகிறேன். என் மானம் போன இடங்களையும் மறைக்க மாட்டேன்.

நம் வழக்கு நினைவிருக்கிறதா? கடற்பஞ்சு ஒரு விலங்கு என்று புத்தகத்தைக் காட்டினேன். காரிமங்கலம் சந்தையில் ஆடு வாங்கி விற்ற நீங்கள், "வாயத் தொறந்து பல்லப் பாக்காம எதையும் பிராணின்னு ஒத்துக்க மாட்டேன்" என்றீர்கள். பல்லைப் பார்த்தே ஆட்டின் வயதைச் சொல்கிறவரிடம் நான் என்ன பேசுவது? "என்னை ஒத்துக்க வச்சிட்டா, பதினொண்ணாவதுல நீ கேக்கற உயிரியல் குரூப்பு. தருமபுரிக்கே பஸ் ஏத்தி வுடறேன்" என்றும் சொன்னீர்கள். ஒத்துக்கொள்வதற்குள் கண்ணை மூடிவிட்டீர்கள். இது நியாயமா அப்பா?

இப்போது தீர்ப்பு பெரியப்பா கையில். "பொட்டப் புள்ளய அவ்ளோ தூரமா?" என்று இழுத்துக்கொண்டே இருந்தார். கண்காட்சியைப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்று வரவழைத்தேன்.

மண்பானையின் பக்கமெல்லாம் சின்னத் துளைகள் போட்டுத் தண்ணீர்த் தொட்டியில் வைத்திருந்தேன். உள்ளே மீன்தொட்டி மோட்டார். தண்ணீர் சின்னத் துளைகளில் நுழைந்து, மேலே இருக்கும் பெரிய துளை வழியாக வெளியே வரும். "கடற்பஞ்சுக்கு மூளை இல்லை, இதயம் இல்லை, வயிறும் இல்லை. உட்சுவரில் இருக்கும் செல்கள் சாட்டை போன்ற இழையை ஆட்டித் தண்ணீரை இழுத்து, அதில் வரும் நுண்ணுயிர்களைப் பிடித்துத் தின்னும்" என்று நடுவர் டீச்சரிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா அதையெல்லாம் கேட்கவில்லை. மேல் துளையில் விரலை விட்டு, ஆட்டின் வாயைத் துழாவுவதுபோல் துழாவினார்.

"இன்னா புள்ள, பல்லே காணோம்? பால்குடியா?"

"பெரியப்பா, அது வாய் இல்லைங்க! கழிவு வெளிய போற வழிங்க!"

வெடுக்கென்று விரலை உருவினார். தண்ணீர் பீய்ச்சி அவர் சட்டையையும் டீச்சரின் புடவையையும் நனைத்தது. கூட வந்த சந்தைக்காரர், "யோவ், இத்தினி வருசமா ஆட்டு யாவாரம் பண்ற, முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் தெரியலியா?" என்றார். ஹாலே சிரித்தது. என் படிப்பு அந்தத் தண்ணீரோடு போயிற்று என்றே நினைத்தேன்.

பெரியப்பா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "அப்ப இது திங்குதா?"

"திங்குதுங்க."

"கழியுதா?"

"இப்பத்தான் உங்க மேல..."

"சரி சரி. குட்டி?"

"குட்டி நீந்தித் திரியும்ங்க. ஒரு பாறையில ஒட்டிக்கிச்சுன்னா ஆயுசுக்கும் அங்கியேதான்."

"உங்கப்பன் டீக்கடையில குந்தியிருந்த மாதிரின்னு சொல்லு."

சிரித்தார். ஈரத் துண்டை உதறி என் கைமேல் போர்த்தி, அதற்குள் என் இரண்டு விரல்களை அழுத்திப் பிடித்தார். அடுத்தவருக்குத் தெரியாமல் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேரம் முடிப்பது உங்கள் சந்தை வழக்கம்தானே? இரண்டு விரல் என்றால் பதினொன்றும் பன்னிரண்டும்.

"தருமபுரிங்களா?" என்றேன்.

"பேரம் முடிஞ்சா சத்தம் போடக் கூடாது, புள்ள."

பரிசு கிடைக்கவில்லை. டீச்சரின் புடவை இன்னும் காயவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே போனாலும் ஒரு நாளும் மட்டம் போட மாட்டேன் அப்பா. இது சத்தியம்.

வழக்கில் வென்ற உங்கள் மூத்த மகள்,
மலர்விழி